ஊசியும் உரிமையும்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டையொட்டிக் குருவிட்டயில் நடைபெற்ற ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



நம் பிள்ளைகள் அதிகம் கேள்விப்படாத ஒரு தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழு கேட்டுக்கொண்டது. ஆகவே ஆக்கவுரிமைப் பரிசோதனை என்ற தொழிலை எடுத்துக்கொண்டோம். தமிழகத்தில் இதைக் காப்புரிமை என்பார்கள்; பேச்சில் பேட்டன்ட். அதிலும் உடலுக்குள் தையல் போடும் கருவிகளை எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சு. இது நமக்கு எட்டாத விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மனையியல் வகுப்பில் நூலோட்டத் தையலும் பின் தையலும் சங்கிலித் தையலும் தைத்து, சரியில்லை என்று பிரித்து, மறுபடியும் தைத்தவர்கள் நாம். இந்தக் கருவிகளின் அரைவாசிப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

மிச்ச அரைவாசியைப் பார்ப்போம். வைத்தியசாலையில் "கமெரா விட்டுப் பார்க்க வேண்டும்" என்று சொல்வார்களே, அந்த வளையும் குழாய்தான் எண்டோஸ்கோப்; தமிழில் அகநோக்கி. இரைப்பையைப் பார்க்கும் குழாய் சுண்டுவிரல் தடிப்பில், ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமாக இருக்கும். அதனுள் கருவி செல்லும் துவாரம் 3 மில்லிமீற்றர் அளவே. வாயால் விட்ட அந்தக் குழாயின் மறுமுனையில் ஒரு புண்ணைத் தைக்க வேண்டும். துணியைத் தைக்கும்போது ஒரு கை ஊசியைக் குத்துகிறது. மறுகை அடுத்த பக்கத்தில் வாங்குகிறது. இரைப்பைக்குள் மறுகை இல்லை. ஊசி நழுவினால் குனிந்து தேடவும் முடியாது. முடிச்சுப் போடுவது அதைவிடக் கடினம்.

இலண்டனில் போல் ஸ்வெயின், டிமோதி மில்ஸ் என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டு 1986இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். கட்டுரையின் தலைப்பே "அகநோக்கித் தையல் இயந்திரம்" என்ற பொருளில் அமைந்தது. குழாயின் நுனியில் ஒரு சிறு குழி. உறிஞ்சினால் இரைப்பைச் சுவரின் ஒரு மடிப்பு அந்தக் குழிக்குள் வரும். துளையுள்ள ஊசி நூலைச் சுமந்துகொண்டு அந்த மடிப்பைக் குத்திச் செல்லும். நாம் துணியைக் கிள்ளிப் பிடித்துச் சுருக்குத் தைப்பது போலத்தான். 1990களில் வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு வேறொரு கருவி வந்தது. அதன் ஊசிக்கு இரண்டு பக்கமும் கூர், நூல் நடுவில். கருவியின் இரண்டு தாடைகளும் ஊசியை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓவர்ஸ்டிச் என்ற கருவியோ வளைந்த ஊசியை அகநோக்கியின் நுனியிலேயே ஓட்டுகிறது.

இப்போது நாமே ஒரு பரிசோதகரின் மேசையில் உட்கார்ந்து பார்ப்போம். ஒரு விண்ணப்பம் வருகிறது. அதில் விளக்கம் இருக்கும், படங்கள் இருக்கும், கடைசியில் உரிமைக்கோரல் இருக்கும். உரிமைக்கோரல்தான் வேலி. "இதற்குள் இருப்பது எனக்குரியது, நான் அனுமதிக்காமல் வேறு யாரும் செய்யவோ விற்கவோ கூடாது" என்று விண்ணப்பகாரர் எல்லை போடும் வாசகம் அது. உரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் அந்த வேலி நிற்கும்.

பரிசோதகர் கேட்கும் கேள்விகள் மூன்று. இது புதியதா? தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதா, இல்லை ஒரு படி மேலே போன புத்தியா? செய்து பயன்படுத்தக் கூடியதா? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நம் நாட்டிலும் இவையே அளவுகோல்.

நம் கையிலுள்ள விண்ணப்பம் இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: "இரு முனையும் கூரான, நடுவில் நூல் கோத்த ஊசியை ஒரு பிடியிலிருந்து மறுபிடிக்கு மாற்றித் தைக்கும் எந்தக் கருவியும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பரிசோதகர் பழையவற்றைத் தேடத் தொடங்குகிறார். உலகத்து ஆக்கவுரிமை ஆவணங்கள் எல்லாம் பொருள்வாரியாக இலக்கமிட்டு அடுக்கப்பட்டவை. காயம் தைக்கும் கருவிகளுக்கு ஏ61பி 17/04 என்ற இலக்கம். அங்கே மட்டும் தேடினால் போதாது. டி05 என்று இன்னொரு பிரிவு இருக்கிறது; அது துணித் தையலுக்கும் பூவேலைக்கும் உரியது. அந்தப் பக்கம் போனால், பிரான்சின் முலூஸ் நகரத்தில் ஜோசுவே ஹைல்மான் 1828 அளவில் அமைத்த பூவேலை இயந்திரம் நிற்கிறது. அதன் ஊசிக்கும் இரண்டு பக்கமும் கூர், கண் நடுவில். துணியின் இரு பக்கமும் உள்ள பிடிகள் அதை மாறி மாறி வாங்குகின்றன.

ஆக, "எந்தக் கருவியும்" என்று எழுதிய வேலி விழுந்துவிடும். அதற்காக விண்ணப்பமே குப்பைக்குப் போகாது. மெல்லிய குழாய்க்குள் அடங்கும்படி அந்தப் பிடிகளைச் சுருக்கியது எப்படி, ஊசி ஒருபோதும் விடுபடாதபடி பூட்டியது எப்படி, ஒரு கையால் இயக்கும்படி செய்தது எப்படி, இவற்றில் உண்மையான புதுமை இருக்கலாம். பரிசோதகர் எழுதுவார்: "வேலியை அந்த அளவுக்குக் குறுக்குங்கள்." நல்ல பரிசோதனை என்பது இவ்வளவுதான். கண்டுபிடித்தவருக்கு அவர் கண்டுபிடித்த அளவு. அதற்கு மேல் ஓர் அங்குலமும் இல்லை. அந்த ஓர் அங்குலம் கூடிப்போனால், அடுத்து நல்ல கருவி செய்யக்கூடிய பத்துப் பேர் வெளியே நிற்பார்கள். இருக்கும் ஒரு கருவிக்கு உரிமையாளர் சொன்னதே விலை. நம் அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளியிடம் காசு வாங்குவதில்லை என்பதால் அந்த விலை நம் கண்ணில் படாது. ஆனால் வாங்க முடியாத கருவி இரத்தினபுரிக்கும் வராது, கேகாலைக்கும் வராது.

இன்னொரு எல்லையும் உண்டு. கருவிக்கு உரிமை கேட்கலாம். தைக்கும் முறைக்குக் கேட்கலாமா? வைத்தியர் கையை இப்படித் திருப்பி இப்படிக் குத்த வேண்டும் என்பதற்கு ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா? நம் சட்டம் முடியாது என்கிறது. மனித உடலுக்கும் விலங்குடலுக்கும் செய்யும் சத்திரசிகிச்சை முறைகளுக்கு ஆக்கவுரிமை இல்லை; அந்த முறையில் பயன்படும் பொருளுக்கு உண்டு. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டமும் சத்திரசிகிச்சை முறைகளை விலக்கியே வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் அப்படி விலக்கவில்லை. சாமுவேல் பாலின் என்ற கண் வைத்தியர், கண்புரை சத்திரசிகிச்சையில் தையலே தேவைப்படாத வடிவில் வெட்டும் முறைக்கு 1992இல் உரிமை பெற்றார். பின்பு அதே போன்ற வெட்டைப் பயன்படுத்திய ஜக் சிங்கர் என்ற சக வைத்தியர் மீது வழக்குப் போட்டார். வைத்திய உலகம் கொதித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டா கத்தியை எடுப்பது? 1996இல் நீதிமன்ற உத்தரவு பாலினின் உரிமைக்கோரல்களைச் செல்லாதவை ஆக்கியது. அதே ஆண்டு, சத்திரசிகிச்சை முறையைக் கையாண்டதற்காக வைத்தியர்களிடம் நட்டஈடு கேட்க முடியாதபடி அந்நாட்டுச் சட்டமும் திருத்தப்பட்டது.

அமெரிக்கச் சண்டை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மதுரையைப் பாருங்கள். வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையில், சிறிய வெட்டு வெட்டித் தையல் போடாமல் கண்புரை எடுக்கும் முறை ஏழை எளியவர்கள் எத்தனையோ பேருக்குப் பார்வை கொடுத்திருக்கிறது. அதன் துணை நிறுவனமான ஓரோலாப் 1992இல் தொடங்கி, 100 டொலர் அளவில் விற்ற கண் வில்லையை 10 டொலர் அளவுக்குக் கொண்டுவந்தது. கண்ணுக்குரிய தையல் நூலும் செய்கிறது. முறை எல்லோருக்கும் பொது, கருவியை நல்லபடி செய்பவருக்கு இடம் உண்டு என்ற ஒழுங்கு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. தோட்டத்தில் கொழுந்து எடுத்து வளர்த்த நம் அம்மாக்களின் கண்ணும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

அப்படியானால் ஆக்கவுரிமையே வேண்டாமா? அதுவும் சரியில்லை. நியூயோர்க்கில் வோல்டர் ஹன்ட் என்பவர் 1830களின் தொடக்கத்திலேயே, கூரின் பக்கம் கண் வைத்த ஊசியோடு ஒரு தையல் இயந்திரம் செய்தார். ஆனால் உரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. தையற்காரப் பெண்களின் பிழைப்புப் போய்விடும் என்று மகள் சொன்னதால் விட்டார் என்று ஒரு கதை உண்டு. 1846இல் எலியாஸ் ஹவ் அப்படியான இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். நம் வீடுகளுக்கெல்லாம் பெயர் தெரிந்த மெஷினைச் செய்த ஐசக் சிங்கரும் 1854இல் ஹவ்விடம் தோற்றுப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஹன்ட் முந்தியவர் என்பதை அலுவலகம் ஏற்றது. இத்தனை காலம் சும்மா இருந்ததால் உரிமை மட்டும் கொடுக்கவில்லை. சேப்டி பின்னைக் கண்டுபிடித்தவரும் அதே ஹன்ட்தான். அதன் உரிமையை 400 டொலருக்கு விற்றுவிட்டார்.

ஆக்கவுரிமை ஒரு கொடுக்கல் வாங்கல். செய்தவர் தன் இரகசியத்தை, தொழில் தெரிந்த இன்னொருவர் வாசித்துச் செய்யக்கூடிய அளவுக்கு முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஊர் அவருக்கு 20 வருடம் கொடுக்கிறது. காலம் முடிந்தால் அந்த எழுத்து எல்லோருக்கும் சொந்தம். இன்னொன்று: உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. ஒரு நாட்டில் பெற்ற உரிமைக்கு, இங்கே பெறாதவரை, இங்கே வலு இல்லை.

எழுத்து என்றதும் மஞ்சளின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. காயத்துக்கு மஞ்சள் வைப்பது நம் லயத்துப் பாட்டிமாருக்கு யாரும் சொல்லிக் கொடுத்த பாடமா? ஆனால் 1995இல் அமெரிக்க அலுவலகம், மஞ்சள் கொண்டு காயம் ஆற்றுவதற்கு ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு உரிமை கொடுத்தது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் எதிர்த்து வாதாடி, 1997இல் அது ரத்தானது. "எங்கள் பாட்டிக்குத் தெரியும்" என்பது அங்கே போதவில்லை. பழைய சமஸ்கிருத நூலையும் 1953இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையையும் அச்சில் காட்டியபோதே வழக்கு நின்றது. அதன் பின்பு சித்த மருத்துவ நூல்கள் உட்படப் பாரம்பரிய அறிவை, பரிசோதகர்கள் தேடிப் பார்க்கும் வகையில் இந்தியா மின்னூலகமாகத் தொகுத்தது.

பரிசோதகர் தேடுவது பெரும்பாலும் எழுத்தில் உள்ளதைத்தான். எழுதப்படாத கைத்திறன் அவர் மேசைக்கு வராது. இதோ நம் குருவிட்டக்கு அருகே பட்டதொம்பலென குகையில் ஆதி மனிதர் எலும்பில் செய்த கூர்முனைகள் கிடைத்தன. ஆய்வாளர் தோண்டியெடுத்து எழுதி வைத்ததால் அவை உலகத்துக்குத் தெரியும். நம் தாய்மார் கொழுந்துக் கூடைக்குக் கயிறு கட்டிய விதமும், றப்பர்ப் பால் துணியில் பிடிக்காமல் இருக்கச் செய்த யுக்தியும், ஆடைத் தொழிற்சாலையில் நம் தங்கைமார் ஊசி முறியாமல் தைக்கக் கண்ட சின்னச் சின்ன வழிகளும் எந்தத் தாளில் இருக்கின்றன?

ஆகவே நூற்றாண்டு வேளையில் மூன்று காரியங்களை நம் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நமக்குத் தெரிந்த கைவேலையை எழுதுவோம். திகதி போட்டு, படம் வரைந்து, சங்கத்தின் வெளியீடுகளில் அச்சேற்றுவோம். அச்சில் வந்ததை நாளை வேறொருவர் புதிதென்று சொந்தம் கொண்டாட முடியாது.

இரண்டாவது, உரிமை பெறக்கூடிய புதியதொன்றை நம் பிள்ளை செய்தால், கண்காட்சியில் வைக்கும் முன்னரே கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்வோம். தானே வெளிப்படுத்தியிருந்தாலும் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க நம் சட்டம் இடம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. முந்திக் காட்டினால் வாய்ப்புப் போய்விடும்.

மூன்றாவது, விஞ்ஞானம் படிக்கும் நம் மாணவியருக்கு வைத்தியர், பொறியியலாளர் என்பதோடு இந்தத் தொழிலின் பெயரையும் சொல்வோம். ஐன்ஸ்டைன் 1902 முதல் 1909 வரை பேர்ண் நகரத்து ஆக்கவுரிமை அலுவலகத்தில் பரிசோதகராக இருந்தவர். அமெரிக்க அலுவலகம் 1873இலேயே ஒரு பெண்ணைப் பரிசோதகராக நியமித்தது. இதற்கு வேண்டியது விஞ்ஞான அறிவு, மொழியை எழுத்தெழுத்தாக வாசிக்கும் பொறுமை, ஒரு பொருளைப் பார்த்ததும் அது எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்கும் பழக்கம். நம் ஆசிரியைகள் பிரித்துத் தைக்கச் சொன்னபோது நமக்குப் பழக்கியது இவற்றைத்தான். ஆக்கவுரிமை ஆவணங்களை இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். ஒரு பிள்ளை இன்று இரவே தொடங்கலாம்.