வழக்கு இல்லையென்றால் தண்டனையும் இல்லையா?

(விளையாட்டுத் துறையில் பெண்கள் மீதான வன்முறை குறித்துக் கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2016 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் சிகாகோ கப்ஸ் என்னும் பேஸ்பால் அணி, நியூயார்க் யாங்கீஸ் அணியிடமிருந்து அரோல்டிஸ் சாப்மன் என்ற பந்து வீச்சாளரைப் பெற்றது. கியூபாவில் பிறந்த சாப்மன், மணிக்கு 105 மைல் வேகத்தில் பந்தெறிந்து சாதனை படைத்தவர். கப்ஸ் அணியோ 1908க்குப் பிறகு ஒருமுறைகூடக் கோப்பை வெல்லாத அணி. பாட்டன் காலத்திலிருந்து காத்திருந்த ரசிகர்களுக்கு இது திருவிழாவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் செய்தி அவர்களை இரண்டாகப் பிளந்தது.

காரணம், 2015 அக்டோபரில் புளோரிடாவில் சாப்மனின் வீட்டில் நடந்த ஒரு சம்பவம். அவர் தம் கழுத்தை நெரித்ததாகவும் சுவரில் தள்ளியதாகவும் உடன் வாழ்ந்த பெண் போலீசாரிடம் கூறினார். வாகனக் கொட்டகையில் சாப்மன் எட்டு முறை துப்பாக்கியால் சுட்டதும் பதிவானது. பெண்ணுக்குத் தீங்கு செய்யவில்லை என்றார் சாப்மன். துப்பாக்கியைப் பயன்படுத்தியதற்கு மட்டும் வருத்தம் தெரிவித்தார். கைது இல்லை. வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, சான்று போதாது என்று கூறி 2016 ஜனவரியில் அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடர மறுத்தனர். ஆயினும் மார்ச் 1 அன்று லீக் நிர்வாகம் அவருக்கு 30 ஆட்டங்கள் தடை விதித்தது. ஊதிய இழப்பு ஏறத்தாழ 18.5 லட்சம் டாலர்.

“நீதிமன்றம் தொடாத ஒருவரைத் தண்டிக்க லீக் யார்?” என்று ஒரு சாரார் கேட்டனர். “இவர் களமிறங்கும்போது எப்படிக் கைதட்டுவது?” என்று மறுசாரார் கேட்டனர். இரண்டையும் காதில் வாங்காமல் ஆட்டத்தைப் பார்த்தவர்களும் ஏராளம். ஒரு பெண் ரசிகை வேறொரு வழி கண்டார். சாப்மன் வெற்றியைக் காத்துத் தரும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 10 டாலர் வீதம், குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் மையத்துக்கு வழங்குவதாக அறிவித்தார். வேறு பலரும் அவருடன் சேர்ந்துகொண்டனர். அந்த நவம்பரில் கப்ஸ் கோப்பையை வென்றது. 108 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. விவாதம் முடியவில்லை.

முதல் சாராரின் கேள்வியைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற கோட்பாடு, அரசின் கரத்தைக் கட்டிப்போட மக்கள் போராடிப் பெற்றது. விசாரணையின்றிச் சிறையில் வாடிய தோழர்களைக் கண்ட இயக்கம் அதன் அருமையை அறியும். ஆனால் அந்தக் கோட்பாடு எதற்குப் பதில் சொல்கிறது, எதற்குச் சொல்லவில்லை என்பதைப் பிரித்தறிவது முக்கியம்.

அரசு வழக்கறிஞர் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: ஐயத்திற்கு இடமின்றி இதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முடியுமா? நான்கு சுவர்களுக்குள் நடக்கும் வன்முறையில் பெரும்பாலும் ஒரே சாட்சி, அடிபட்ட பெண்தான். வீட்டு வாடகையும் குழந்தையின் பால் காசும் அவனது ஊதியத்திலிருந்தே வரும்போது, அவள் பேசினால் அந்த ஊதியமே நின்றுபோகும். ரசிகர் பட்டாளத்தின் வசைமாரி வேறு. முதல் நாள் சொன்னதை மறுவாரம் திரும்பச் சொல்லாத பெண் பொய் சொன்னவள் என்பதில்லை. வழக்கு இல்லை என்பதற்குக் குற்றம் நடக்கவில்லை என்பது பொருளல்ல. நடந்தது என்பதும் பொருளல்ல. அரசு இந்தக் கதவைத் திறக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஆலையின் உள்விசாரணைக்கு ஓர் அளவுகோல், குற்றவியல் நீதிமன்றத்துக்கு வேறோர் அளவுகோல். முன்னதில், எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தாலே போதும். கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர் ஒருவரின் வழக்கு இங்கே நினைவுகூரத்தக்கது. அவர் வீட்டில் தங்கம் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறி 1985இல் பணியிடை நீக்கம் செய்தனர்; போலீஸ் வழக்கும் தொடுத்தனர். பிழைப்பூதியம்கூடத் தரவில்லை. கையில் காசின்றியும் உடல்நலமின்றியும் அவரால் உள்விசாரணைக்குச் செல்ல முடியவில்லை. அவர் இல்லாமலேயே விசாரித்து வேலையைப் பறித்தனர். பின்னர் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் வேலை வழங்க உத்தரவிட்டது. உள்விசாரணையும் குற்ற வழக்கும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று கூறியதும் அதே தீர்ப்புதான்.

இந்தத் தீர்ப்பின் இரு பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். வேலையிடம் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்கிறது ஒன்று. தராசு முதலாளியின் கையில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்று காட்டுகிறது மற்றொன்று. சிகாகோ ரசிகர்கள் முதல் பகுதியைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருந்தனர். இரண்டாவது பகுதிதான் உழைப்பாளி இயக்கத்தின் கேள்வி.

பேஸ்பாலில் அந்தத் தராசு எப்படி வந்தது? 2014இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ரே ரைஸ் என்ற வீரர், மணக்கவிருந்த பெண்ணைத் தாக்கியதற்கு முதலில் இரண்டே ஆட்டங்கள் தடை பெற்றார். மின்தூக்கிக்குள் நடந்த அடியைக் காட்டும் காணொளி செப்டம்பரில் வெளிவந்து நாடே கொதித்ததும், அதே லீக் காலவரையற்ற தடை விதித்தது. ஒரே செயலுக்கு இருமுறை தண்டிப்பதா என்று கேட்டு நடுவர் அதை ரத்து செய்தார். குற்றம் மாறவில்லை, காணொளியைப் பார்த்த கண்களின் எண்ணிக்கைதான் மாறியது. இதைக் கண்ட பேஸ்பால் லீக்கும் வீரர்களின் தொழிற்சங்கமும் கூட்டாகப் பேசி, 2015 ஆகஸ்டில் குடும்ப வன்முறை, பாலியல் தாக்குதல், குழந்தைகள் மீதான கொடுமை ஆகியவற்றுக்கான ஒழுங்கு விதிகளை ஒப்பந்தமாக்கின. போலீஸ் வழக்கோ நீதிமன்றத் தீர்ப்போ இல்லாவிட்டாலும் தண்டிக்கலாம். விசாரணைக் காலத்தில் ஊதியத்தோடு ஒதுக்கிவைக்கலாம். தண்டிக்கப்பட்டவர் நடுவர் முன் முறையிடலாம்.

தன் உறுப்பினர் ஒரு பெண்ணை அடித்தால் தண்டிக்கப்படலாம் என்று ஒரு தொழிற்சங்கம் கையெழுத்திட்டது சிறிய செய்தியல்ல. சங்கம் காக்க வேண்டியது வன்முறையாளனை அல்ல, நேர்மையான நடைமுறையை. அந்த விதிகளின்கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர் சாப்மன். 2022இல் டிரெவர் பாவர் என்ற வீரருக்கு, அவர் மீதும் குற்ற வழக்கு இல்லாத நிலையில், 324 ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. அவர் எல்லாவற்றையும் மறுத்து முறையிட்டார். நடுவர் தடையை 194 ஆட்டங்களாகக் குறைத்தார். தண்டனை முழுதாக நீங்கவுமில்லை, நிர்வாகம் விதித்தபடி நிற்கவுமில்லை. முறையீட்டுக் கதவு திறந்திருந்ததன் விளைவு அது.

கால்பந்து லீக்கில் 2017இல் எசக்கியேல் எலியட் என்ற வீரருக்கு ஆறு ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டபோது, புகார் செய்த பெண்ணை நேரில் விசாரித்த லீக்கின் சொந்த விசாரணை அதிகாரி, தண்டனை வேண்டாம் என்ற கருத்துடையவர் என்பதும், ஆணையருடன் நடந்த முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர் இடம்பெறவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன. ஆணையரே நீதிபதி, அவர் அமர்த்துபவரே மேல்முறையீட்டு அதிகாரி. இப்படிப்பட்ட மூடிய அறையால் பெண்களுக்கும் நன்மை இல்லை. உண்மையான புகாரின் மீதும் சந்தேக நிழல் விழும். 2020 ஒப்பந்தத்தில்தான் சங்கமும் லீக்கும் கூட்டாக ஓர் ஒழுங்கு அதிகாரியை நியமிக்கும் முறை வந்தது.

அதன் முதல் பெரும் சோதனை டெஷான் வாட்சன் விவகாரம். ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியில் இருந்த அவர் மீது இருபதுக்கும் மேற்பட்ட பெண் மசாஜ் சிகிச்சையாளர்கள் பாலியல் அத்துமீறல் கூறி உரிமையியல் வழக்குகள் தொடுத்தனர். அவர் மறுத்தார். 2022 மார்ச்சில் டெக்சாஸில் இரண்டு மாவட்டங்களின் பெருநடுவர் குழுக்கள் குற்ற வழக்குக்கு இடமில்லை என்றன. முதல் குழு முடிவு சொல்லி ஒரு வாரத்துக்குள் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி அவரை ஐந்தாண்டுக்கு 23 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தில் முதல் ஆண்டின் அடிப்படை ஊதியம் 10.35 லட்சம் டாலர் மட்டுமே. தடை வந்தால் இழப்பது அந்த ஆண்டின் ஊதியத்தைத்தானே! ஓய்வுபெற்ற நீதிபதி சூ ராபின்சன், வாட்சன் லீக் விதிகளை மீறியது மெய்ப்பிக்கப்பட்டது என்று கண்டும், முன்னறிவிப்பின்றித் தண்டனை அளவை உயர்த்த முடியாது என்று கூறி ஆறு ஆட்டங்களோடு நிறுத்தினார். லீக் மேல்முறையீடு செய்தது. முடிவில் 11 ஆட்டங்களும் 50 லட்சம் டாலர் அபராதமும் என்று சமரசம் ஏற்பட்டது. பதினோரு ஆட்டங்களுக்கான ஊதிய இழப்பு 6,32,500 டாலர்.

ரசிகர் விவாதம் ஆறா, பதினொன்றா, ஆயுள் தடையா என்று கணக்குப் பார்த்தது. புகார் செய்தவர்களும் தொழிலாளர்கள் என்பதை அந்த விவாதம் ஏறக்குறைய மறந்தே போனது. அவர்களுக்கு அந்த அறை வேலையிடம். வாட்சனுக்காக வாதாடத் தொழிற்சங்கம் இருந்தது, அவர்களுக்கு இல்லை. புகார்க் குழு இல்லை, கூட்டுப் பேரம் இல்லை. உரிமையியல் வழக்கு ஒன்றே வழி, அதிலும் முடிவு சமரசத் தொகைதான். டெக்சன்ஸ் அணி நிர்வாகமும் தன் மீது எழுந்த கோரிக்கைகள் தொடர்பாக 30 பெண்களுடன், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், சமரசம் செய்துகொண்டது.

முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். சாப்மனை 2015 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் வாங்கவிருந்தது. புகார்ச் செய்தி வந்ததும் பேரம் முறிந்தது. அதே மாத இறுதியில் யாங்கீஸ் அவரை மலிவாக வாங்கியது. பெண்ணின் புகார் அங்கே தள்ளுபடிச் சீட்டாயிற்று. ஏழு மாதத்தில் நல்ல விலைக்குக் கப்ஸிடம் கைமாற்றி, அந்தக் குளிர்காலத்திலேயே 8.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்துக்கொண்டது. தடை ஒன்றரை மாதத்தைத் தாண்டியிருந்தால் அவர் சந்தையில் தம் உழைப்பைத் தாமே விலை பேசும் உரிமை ஓராண்டு தள்ளிப்போயிருக்கும், தாண்டவில்லை.

அந்த முதலாளிகளே குற்றஞ்சாட்டப்படும்போது? வாஷிங்டன் கால்பந்து அணியில் பெண் ஊழியர்கள் சந்தித்த பாலியல் துன்புறுத்தல் பற்றி 2021இல் விசாரணை நடந்தது. அணிக்கு ஒரு கோடி டாலர் அபராதம் விதித்தது லீக். எழுத்து வடிவ அறிக்கை எதையும் வெளியிடவில்லை. உரிமையாளர் டேனியல் ஸ்னைடருக்கு 2023இல் ஆறு கோடி டாலர் அபராதம் வந்தது, அணியை அவர் 605 கோடி டாலருக்கு விற்பதற்கு ஒப்புதல் கிடைத்த நாளில்.

இனி இந்தியாவைப் பார்ப்போம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டு நிறுவனங்களையும் மைதானங்களையும் போட்டி நடக்கும் இடங்களையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. போலீஸ் வழக்கு இல்லாவிட்டாலும் உள்ளகப் புகார்க் குழு விசாரித்து நடவடிக்கை பரிந்துரைக்கலாம். ஏட்டில் இருப்பது இது. 30 தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் 15இல் சட்டப்படியான குழு இல்லை என்ற செய்தியை எடுத்துக்கொண்டு, 2023 மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

அதே மாதத்தில்தான் வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா முதலிய மல்யுத்த வீரர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்திருந்தனர். சம்மேளனத் தலைவரும் பாஜக எம்பியுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது ஜனவரியிலேயே அவர்கள் குற்றஞ்சாட்டினர், அவர் மறுத்தார். அமைச்சகம் அமைத்த குழுவின் அறிக்கை வெளியிடப்படவில்லை. வீராங்கனைகள் உச்ச நீதிமன்றம் சென்ற பின்னரே, ஏப்ரல் 28 அன்று வழக்குப் பதிவானது. “வழக்கே இல்லையே” என்ற வாதம் யாருக்குப் பயன்பட்டது என்பதை அந்த மூன்று மாதங்கள் காட்டின. வழக்கைப் பதிய மறுப்பவர்களே வழக்கில்லாததைச் சான்றாகக் காட்டினர்.

கிரிக்கெட் வாரியத்தின் போக்கு இன்னொரு வகை. 2018 மார்ச்சில் முகமது ஷமி மீது அவருடைய மனைவி குடும்ப வன்முறைப் புகார் கூறினார். பணம் பெற்றதாகவும் சேர்த்துச் சொன்னார். ஷமி இரண்டையும் மறுத்தார். வாரியம் அவரது ஆண்டு ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து ஊழல் தடுப்புப் பிரிவிடம் விசாரணையை ஒப்படைத்தது. இரு வாரங்களில் ஊழல் இல்லை என்று முடிவு வந்தது, ஒப்பந்தமும் வந்தது. குடும்ப வன்முறைப் புகாரை வாரியம் விசாரிக்கவே இல்லை. அதில் உண்மை உண்டா, இல்லையா என்பது வேறு. சூதாட்டப் பணமென்றால் உடனே விசாரணை, பெண்ணை அடித்ததாகப் புகாரென்றால் அது வீட்டு விவகாரம் என்பதே வாரியத்தின் நிலை. ஷமிக்கும் அதனால் நன்மை இல்லை. விசாரணை நடந்திருந்தால் தம் பக்கத்தைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும்.

பேஸ்பாலைப் போன்ற கூட்டு விதி இங்கே வேண்டுமென்றால், வாரியத்துக்கு எதிரே மேசையில் அமர யாராவது இருக்க வேண்டும். 2019இல் உருவான இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கத்தில் ஓய்வுபெற்றவர்களே உறுப்பினர்கள். களத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சங்கமில்லை. மல்யுத்த வீராங்கனைகளுக்கும் இல்லை.