குழாய் சுமந்தவனுக்கு ஒரு கைத்தட்டல்



தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்க அணை உண்டு, அலை உண்டு, ஓதம் உண்டு. எது பெரிது? தராசில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

அலை! 1991-ல் கேரளத்து விழிஞ்ஞம் கடலில் சென்னை ஐ.ஐ.டி.காரர்கள் ஒரு கான்கிரீட் அறையை நிறுத்தினார்கள். அலை உள்ளே ஏறும்; மேலே இருக்கிற காற்று நெருக்குப்பட்டு ஓடும்; அந்தக் காற்று டர்பைனைச் சுற்றும். என்ன மூளை! ஆனால் திறன் 150 கிலோவாட்தான் இருந்தது.

ஓதம்! பிரான்சில் ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் 1966-லிருந்து 240 மெகாவாட் நிலையம் நிற்கிறது. அங்கே கடல் சராசரி எட்டு மீட்டர் ஏறி இறங்கும். நம் தூத்துக்குடியில் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது!

அப்புறம் அணை! நம் நீலகிரியின் பைக்காரா மின்நிலையம்! 1932! மூவாயிரம் அடிக்கு மேலிருந்து குழாயில் பாயும் தண்ணீர். அந்தக் கரண்ட் கோவைக்கு வந்தது, மில்லுக்கு மேல் மில் எழுந்தது. கைதட்டுங்கள்! எனக்கல்ல. அந்தச் சரிவில் குளிரிலும் மழையிலும் இரும்புக் குழாயை ஏற்றினானே, அவனுக்கு! இன்ஜினியர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவன் பெயரை நான் எந்தக் கல்வெட்டிலும் பார்த்ததில்லை.

"வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, இனி அணை எதற்கு?" என்று சிலர் மேடை மேடையாகப் பேசுகிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். அவர்களைக் கேட்கிறேன்: பொழுது சாய்ந்து, காற்றும் படுத்துவிட்டால் விளக்கை எதில் எரிப்பீர்கள்? காடம்பாறைக்கு வாருங்கள் ஐயா! ஆனைமலையைக் குடைந்து உள்ளே வைத்த நிலையம், 400 மெகாவாட். கரண்ட் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றுகிறோம். தேவைப்படும்போது திறந்துவிடுகிறோம். உங்கள் வெயிலையும் காற்றையும் சேமித்து வைக்கும் குதிரே தண்ணீர்தான்!

அந்த மலையையும் யாரோ ஒருவன்தான் குடைந்தான். அவனை விட்டுவிட்டு என்னால் இந்த மேடையை விட்டு இறங்க முடியவில்லை.

தாய்மார்களே, பைக்காராவில் படகு சவாரி முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "கண்ணு, நம்ம வீட்டு விளக்குக்குக் குழாய் சுமந்தவன் ஒருத்தன் இருந்தான்." அதுவே அவனுக்குக் கல்வெட்டு.