அஞ்சுவதில் ஓர் இன்பம்

வாழ்க்கையில் அச்சத்தை நாம் விரும்புவதில்லை. இருட்டிய பின் தனிவழியே நடக்கத் தயங்குகிறோம். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் நெஞ்சு திடுக்கிடுகிறது. ஆயினும் அதே அச்சத்தைக் காசு கொடுத்து வாங்கவும் செய்கிறோம். பேய்ப்படம் நடக்கும் கொட்டகைக்குச் சீட்டு வாங்குகிறோம். உள்ளே அமர்ந்ததும் கையால் கண்ணை மூடிக்கொள்கிறோம். மூடிய விரல்களின் இடுக்கு வழியே பார்க்கவும் பார்க்கிறோம். 'இனி இத்தகைய படத்திற்கு வருவதே இல்லை' என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகிறோம். அடுத்த படத்தின் விளம்பரத்தைக் கண்டதும் அந்த உறுதி தளர்ந்துவிடுகிறது. விரும்பவும் வெறுக்கவும் செய்யும் இந்த இரட்டை மனத்தைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இம்மனம் திரைப்படத்தோடு பிறந்தது அன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது, நகையோடும் உவகையோடும் அச்சத்தையும் உடன் வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்றும் காட்டினார். வடமொழி நாடக நூலார் அச்சத்தைப் பயானகம் என்று பெயரிட்டுச் சுவைகளுள் ஒன்றாகக் கொண்டனர். சுவை என்ற சொல்லே நோக்கத்தக்கது. மிளகாயின் காரம் நாவை வருத்துகிறது. ஆயினும் காரமில்லாத உணவு நமக்கு இறங்குவதில்லை. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களைக் கூழ் சமைக்க வைத்தார். அதனைப் படிக்கும்போது அருவருக்கிறோம், அருவருத்துக்கொண்டே நகைக்கிறோம்.

உடலின் இயல்பை நோக்கினால் இதன் காரணம் ஒருவாறு விளங்கும். அச்சம் தோன்றியவுடன் சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் ஆயத்தமாகிவிடுகிறது. ஆனால் எதிரே நிற்பது வெறும் திரை. இதனை அறிவு அறியும், உடல் அறியாது. காட்சி மாறியதும் ஒரு பெருமூச்சு வருகிறது. அந்தப் பெருமூச்சுக்காகவே நாம் காசு கொடுக்கிறோம் என்றும் கூறலாம். டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர்கள், பேய்வீட்டுக் காட்சி ஒன்றைக் காணச் சென்றவர்களின் இதயத்துடிப்பை அளந்து, தம் முடிவுகளை 2020இல் வெளியிட்டனர். அச்சம் மிகக் குறைந்தால் இன்பம் இல்லை, மிகுந்தாலும் இல்லை, நடுத்தரமாக இருக்கும்போதே இன்பம் மிகுகிறது என்பது அவர்கள் கண்டது. அளவோடு இட்ட உப்புப் போன்றதே அச்சமும்.

இந்த அச்சத்தை ஊட்டுவதில் கண்ணைவிடக் காதுக்கே பங்கு மிகுதி. இதனை வானொலி நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஹிட்ச்காக்கு 1960இல் எடுத்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலைக்காட்சியை இசையின்றியே விட அவர் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்டு ஹெர்மன் நரம்பிசைக் கருவிகளை மட்டும் கொண்டு அலறும் இசை ஒன்றை அமைத்துக் காட்டிய பின்னரே மனம் மாறினார். இன்று அந்த இசையின்றி அக்காட்சியை எண்ணவும் இயலாது. காட்சி கடுமையானால் கண்ணை மூடிக்கொள்ளலாம். காதை மூட இரு கைகளும் வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனியானதோர் அனுபவமும் உண்டு. பேய்க்கும் ஊர் உண்டு, மொழியும் உண்டு. நம் இளமையில் நாம் அஞ்சியவை புளியமரத்துப் பேயும், நள்ளிரவில் உலாவரும் முனியும், வெள்ளைச் சேலை மோகினியும். வங்காளத்தில் குடியேறினால், மீனுக்கு ஆசைப்பட்டுப் பின்தொடரும் 'மேச்சோ பூத்' பற்றியும், இரவில் பெயர் சொல்லி அழைக்கும் 'நிஷி' பற்றியும் கேட்கிறோம். கேரளத்து யட்சி வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பாள். இரவில் கதவைத் தட்டும் பேய் ஏமாந்து திரும்பிச் செல்லும்பொருட்டு, 'நாளை வா' எனப் பொருள்படும் 'நாளே பா' என்பதைக் கதவில் எழுதி வைத்த கதை கன்னட நாட்டில் வழங்குகிறது. அதனை ஒத்த வழக்கத்தை வைத்தே 2018இல் 'ஸ்திரீ' என்னும் இந்திப் படம் வெளிவந்தது. புதிய ஊரின் பேய்கள் முதலில் நம்மை அச்சுறுத்துவதில்லை. அவற்றுக்கு அஞ்சக் கற்றுக்கொள்ளும் நாளில் அவ்வூர் பாதி நம் ஊராகிவிடுகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளோ, நிஷிக்கு அஞ்சுகிறார்கள். நம் முனியைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

இதுவரை கூறியது இன்பத்தின் பக்கம். இனி, மனம் உறுத்தும் பக்கத்தையும் காண்போம்.

முதலாவது, குழந்தைகளைப் பற்றியது. திரை வேறு, வாழ்வு வேறு என்னும் அறிவு சிறுவர்க்கு மெல்ல மெல்லவே வருகிறது. நமக்கு இரண்டு மணி நேரத்தில் முடியும் படம் அவர்களுக்குப் பல இரவுகள் நீளும். தணிக்கைத் துறையினர் இதனை நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளனர். எம்.ஜி.ஆர். நடித்து 1951இல் வெளிவந்த 'மர்மயோகி', ஆவி தோன்றும் காட்சிகளுக்காக வயது வந்தோர்க்கு மட்டுமே என்னும் சான்றிதழ் பெற்றது. தமிழ்ப் படங்களுள் அதனைப் பெற்ற முதற்படம் அதுவே. இத்தனைக்கும் அந்த ஆவி உண்மையில் உயிரோடிருக்கும் அரசனே! 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், பெற்றோர் துணையோடு காணத்தக்க படங்களை 7, 13, 16 என வயது வரம்பிட்டுப் பிரித்துள்ளது. ஆனால் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் வாயிற்காவலர் இல்லை. அங்கே காவல் பொறுப்பு நம்முடையதே.

இரண்டாவது உறுத்தல் இதனினும் பெரியது. பேய்ப்படத்தில் தலைவிரி கோலமாய் நிற்பவள் பெரும்பாலும் ஒரு பெண். சில படங்களில் மனம் பேதலித்த ஒருவரே அச்சத்திற்குரிய உருவமாகிறார். கொட்டகையில் அது விளையாட்டு. வெளியே அது விளையாட்டன்று. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், பேய் நீங்கும் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்து விடப்பட்டுச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளுள் 28 பேர், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தீயில் சிக்கி மாண்டனர். சூனியக்காரி என்று பழி சுமத்திப் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகார் அரசு 1999இல் தனிச்சட்டம் செய்ய நேர்ந்தது. ஜார்க்கண்டு, சத்தீசுகர், அசாம் ஆகிய மாநிலங்களும் பின்னர் அவ்வாறே செய்தன. அவை நம்மவர் பலர் பணிபுரியும் மாநிலங்கள். இக்கொடுமைகளுக்குத் திரைப்படமே காரணம் என்பது பொருந்தாது. அவை திரைப்படத்தினும் மிகப் பழையவை. ஆனால் பழைய நம்பிக்கைக்குப் புதிய முகமும் குரலும் தரும் ஆற்றல் திரைக்கு உண்டு என்பதை மறுக்க இயலாது.

இதற்கு மாற்றும் திரையிலேயே உள்ளது. 1949இல் வந்த 'மகல்' என்னும் இந்திப் படத்தில் பாழ்மாளிகையில் உலவும் உருவம், முடிவில் தோட்டக்காரன் மகளாகத் தெரிகிறாள். 'வோ கௌன் தீ' என்னும் இந்திப் படத்தைத் தழுவி 1966இல் வந்த 'யார் நீ'யிலும் பேய்க்குப் பின்னால் இருப்பது மனிதரின் சூழ்ச்சியே. மலையாளத்தில் 1993இல் வந்த 'மணிச்சித்ரத்தாழ்', அதனை அடியொற்றி 2005இல் தமிழில் வந்த 'சந்திரமுகி' ஆகியவை, பேய் என்று பிறர் அஞ்சிய பெண்ணை நோயுற்றவளாகக் கண்டு, மனநல மருத்துவர் ஒருவரைக் கதைத்தலைவராக்கின. அவற்றில் வரும் மருத்துவம் பாடநூலுக்கு முற்றும் ஒத்ததன்று. எனினும், அச்சத்தில் தொடங்கி இரக்கத்தில் முடிகின்ற வழி அவற்றில் உண்டு. இத்தகைய படத்தைக் கண்டு வரும்போது மனம் நிறைகிறது, உறுத்தல் எழுவதில்லை.

ஆகவே நம் இரட்டை மனம் குறையுடையது என்று கருத வேண்டியதில்லை. அஞ்சி மகிழும் மனமும், அதனை ஐயுறும் மனமும் நமக்கு ஒருங்கே தேவை. முன்னது இல்லையேல் கலை இல்லை. பின்னது இல்லையேல் விளையாட்டு எங்கே முடிகிறது என்பது விளங்காது. நண்பர்களோடும் சுற்றத்தாரோடும் சேர்ந்து அஞ்சுவோம்; சேர்ந்து சிரிப்போம். சிறுவர் உடனிருந்தால் படத்தை ஆராய்ந்து தேர்ந்தெடுப்போம். பார்த்தபின் அதைப் பற்றி அவர்களோடு பேசுவோம். பக்கத்து வீட்டில் ஒருவர் தம்மை மறந்து பேசினால், ஒருத்தி காரணமின்றி அழுது அரற்றினால், திரையில் கண்டதை அவர்கள்மீது ஏற்றாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மொழி தெரியாத ஊரில் இதற்கு யாரை நாடுவது என்று மலைக்க வேண்டியதில்லை. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய 14416 என்னும் மனநலத் தொலைபேசி உதவி, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கிடைக்கிறது.

இவ்வளவும் செய்த பின், அடுத்த பேய்ப்படத்திற்கும் தாராளமாகச் செல்வோம். விரல்களின் இடுக்கு வழியாகவே பார்ப்போம்.