இடிப்போரும் கட்டுவோரும்
(மாயாபந்தர் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆடலும் பாடலும் நிறைந்த இம்மேடையில் எலும்பைப் பற்றிப் பேசத் துணிந்தோம். காரணம் உண்டு. மழைக்காலத்தில் பாசி படிந்த முற்றத்தில் மூதாட்டி ஒருவர் வழுக்கி விழுகின்றார், இடுப்பெலும்பு முறிகின்றது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேருக்கு, 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையில் அவரைக் கொண்டு செல்லும் துன்பம் நாம் அறியாததன்று. “வயதாயிற்று, விதி” என்று சொல்லி அமைகின்றோம். விதியன்று, அதற்கொரு வரலாறு உண்டு.

எலும்பை உயிரற்ற தூண் என்று எண்ணுதல் பிழை. அஃது ஓயாமல் பழுது பார்க்கப்படும் வீடு. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. பழையதை இடிக்க ஒருவகை உயிரணுக்களும், புதியதைக் கட்ட வேறொரு வகை உயிரணுக்களும் உள்ளன. இடிக்கும் உயிரணுவுக்கு 1873ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கோலிக்கர் என்னும் அறிஞர் ‘ஆஸ்டியோகிளாஸ்ட்’ என்று பெயரிட்டார். எலும்பை உடைப்பது என்பதே அதன் பொருள்.

இவ்வுயிரணு வேலை செய்யும் திறம் வியப்பிற்குரியது. குருதியில் உலவும் வெள்ளணுக்களில் ஒரு வகையின் வழிவந்த பல அணுக்கள் ஒன்றாய்க் கலந்து, பல உட்கருக்களையுடைய பேரணுவாகின்றன. அது முதலில் எலும்பைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதன் மேற்பரப்பில் ‘இன்டெக்ரின்’ எனப்படும் புரதங்கள் கைகளைப் போல அமைந்து, எலும்பிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன. பின்னர் அதன் விளிம்பு ஒரு வளையமாக இறுகுகின்றது. நம் கடற்கரைப் பாறையில் கவிழ்ந்து ஒட்டியிருக்கும் கூம்புச் சிப்பியைப் பிள்ளைகள் கண்டிருப்பர். விரலால் அசைத்தால் அசையாது. அவ்வாறே இதுவும் எலும்பின்மீது கவிழ்ந்து, தனக்கடியில் ஒரு மூடிய அறையை அமைத்துக்கொள்கின்றது.

அவ்வறைக்குள் அமிலத்தைச் சுரக்கின்றது. நம் இரைப்பையில் சுரக்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலந்தான்! அஃது எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்க, உள்ளிருக்கும் ‘கொலாஜன்’ என்னும் புரத நார் வெளிப்படுகின்றது. அந்நாரை ‘கேதெப்சின் கே’ என்னும் நொதி அறுக்கின்றது. மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது அந்நார். அம்முப்புரி அமைப்பை 1954ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகிற்கு வெளியிட்டனர் என்பது நமக்குப் பெருமை தருவது.

இடிப்பவனைப் பகைவன் என்று எண்ணலாமோ? கூடாது. இவ்வுயிரணுக்கள் செயலற்றுப் பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களின் எலும்பு கல்லைப் போல அடர்ந்தும், எளிதில் முறியும். குருதி ஊறும் மச்சைக்கும் உள்ளே இடமிராது. மேலும், தாய் பாலூட்டும் காலத்தில் அவள் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துப் பாலுக்கு உதவுவோரும் இவர்களே. நாம் பருகிய பாலில் அன்னையின் எலும்பும் கலந்திருந்தது! பால் மறந்தபின் அக்குறை பெரும்பாலும் நிரம்பிவிடும்.

ஆயின், இடிப்பதற்குச் சில வாரங்கள் போதும். கட்டுவதற்கோ சில திங்கள்கள் வேண்டும். மாதவிலக்கு நின்றபின் ‘ஈஸ்ட்ரோஜன்’ குறைகின்றது. இடிப்போரை அடக்கி வைத்த அக்கை தளர்கின்றது. இடிப்போர் பெருகக் கட்டுவோர் பின்தங்குகின்றனர். வலியேதுமின்றி எலும்பு மெலிகின்றது. முறிந்த பின்னரே நாம் அறிகின்றோம்.

ஆகவே தாய்மார்களுக்கு எம் வேண்டுகோள்: சிறு வீழ்ச்சியில் மணிக்கட்டு முறிந்தாலோ, முதுகு கூனி உயரம் குறைந்தாலோ, “முதுமை” என்று வாளா இருந்துவிடாதீர்கள், மருத்துவரிடம் கூறுங்கள். இடிக்கும் உயிரணுக்களின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் இன்று உண்டு. கேழ்வரகும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும், இளவெயிலும், நாள்தோறும் நடையும் கட்டுவோர்க்குத் துணை. புகையிலை அவர்க்குப் பகை.

மைந்தர்களே! உங்கட்கும் ஒரு சொல். முற்றத்துப் பாசியைச் சுரண்டுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி நாட்டுங்கள். இரவில் ஒரு விளக்கை எரியவிடுங்கள். கடல் கடந்து வந்து, சுமை சுமந்து, நம்மை ஆளாக்கிய அன்னையர் தம் எலும்பையும் ஈந்து நம்மை வளர்த்தனர். அவர்கள் நிமிர்ந்து நடக்கத் துணை நிற்றல் நம் கடன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!