வெளியுறவு அமைச்சர்களும் கட்டடத் தொழிலாளியும்

(பெங்களூரில் தமிழ்த் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1947 முதல் 1964 வரை வெளியுறவுத் துறை பிரதமர் நேருவிடமே இருந்தது. பாலஸ்தீனத்தைத் துண்டாடும் தீர்மானத்தை 1947 நவம்பரில் ஐ.நா. சபையில் இந்தியா எதிர்த்தது. பின்னர் ஸ்வரண் சிங், சாக்ளா, சவாண் என அமைச்சர்கள் மாறினர், அந்நிலை மாறவில்லை. 1977இல் வெளியுறவுப் பொறுப்பேற்ற வாஜ்பாயும், கைப்பற்றிய அரபு நிலங்களை விட்டு இஸ்ரேல் வெளியேற வேண்டும் என்றே பேசினார். இன்றைய பாஜகவினர் நினைவுகூர விரும்பாத பேச்சு அது.

சோவியத் ஒன்றியம் சிதறிய அடுத்த மாதமே, 1992 ஜனவரியில், நரசிம்ம ராவ் அரசு இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு கொண்டது. 2008 அக்டோபரில் பிரணாப் முகர்ஜி வாஷிங்டனில் அணுசக்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பே, ஜூலையில், இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டிருந்தனர்.

இம்மாநில முன்னாள் முதல்வர் எஸ்.எம்.கிருஷ்ணா 2009 முதல் 2012 வரை அப்பதவியை வகித்தார். 2012 ஜனவரியில் இஸ்ரேல் சென்றார். 2017இல் காங்கிரசிலிருந்து பாஜகவுக்கு மாறினார். கட்சிதான் மாறியது, வெளியுறவுக் கொள்கையை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை!

2023 மே மாதம் ஜெய்சங்கர் கையெழுத்திட்ட உடன்பாடு, 42,000 இந்தியத் தொழிலாளர்கள் இஸ்ரேல் செல்ல வழி திறந்தது. அவர்களுள் 34,000 பேர் கட்டடத் தொழிலுக்கானவர்கள். காசாப் போர் மூண்டதும் பாலஸ்தீனத் தொழிலாளர்களின் வேலை அனுமதியை இஸ்ரேல் பறித்தது. அந்த இடங்களை நிரப்ப, 2024 ஜனவரியில் ஹரியானாவிலும் உத்தரப்பிரதேசத்திலும் கொத்தனார்களும் கம்பி கட்டுவோரும் வரிசையில் நின்றனர். பெங்களூரின் அடுக்குமாடிகளைக் கட்டுபவர்களும் அதே வர்க்கத்தினரே. மத்திய தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆள்சேர்ப்பு நிற்கவில்லை.