கரையில் கட்டிய பரிசல்

(கொள்ளேகால் பக்கத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றில், படிப்போர் வட்டக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



பரிசலைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். இங்கே இருப்பவர்களில் பலர் பரிசலில் போனவர்கள். சிலர் பரிசல் ஓட்டுகிறவர்கள். உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்கிறேன். அது எங்கள் வீட்டுக் கதை.

என் அப்பா பரிசல் ஓட்டினார். இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போவார். புல்லுக்கட்டு போகும். ராகி மூட்டை போகும். சில நாள் ஆட்டுக்குட்டியும் போகும். துடுப்புப் போடுவதில் அவர் கெட்டிக்காரர். ஒருநாளும் ஓர் ஆளைத் தண்ணீரில் விட்டதில்லை.

அப்படிப்பட்டவருடைய பரிசல் ஓர் இரவில் போய்விட்டது. ஓட்டும்போது போகவில்லை. கரையில் கட்டி வைத்திருந்தபோது போனது! எப்படிப் போனது? அதைச் சொல்லும் முன், ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

பரிசல் என்பது ஒரு பெரிய வட்டக் கூடைதான். கன்னடத்தில் ஹரிகோல் என்கிறார்கள். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிக் கூடை செய்கிறோம். அந்தக் காலத்தில் அதன் அடியில் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன.

பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அடி தட்டையாக இருக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் மிதக்கும். பாறை உள்ள ஆற்றுக்கு இது ஏற்றது. ஆனால் ஒரு குறையும் உண்டு. சும்மா விட்டால் சுற்றும். பக்கவாட்டில் துடுப்புப் போட்டாலும் சுற்றும். அதனால் துடுப்பை முன்னால் நீட்ட வேண்டும். தண்ணீரைத் தம் பக்கம் இழுக்க வேண்டும். அப்போதுதான் பரிசல் நேராகப் போகும்.

எதிர்க்கரையில் ஓர் ஆலமரம் தெரிகிறது. அங்கே போக வேண்டும். நேர் எதிரிலிருந்து புறப்பட்டால் ஆலமரத்துக்குப் போய்ச் சேர மாட்டோம். ஆறு நம்மைக் கீழே தள்ளிவிடும். அதனால் கரையோரமாகவே கொஞ்ச தூரம் மேலே போக வேண்டும். அங்கிருந்து சாய்வாகக் கடக்க வேண்டும். ஆறு தள்ளத் தள்ள, நாம் சரியாக ஆலமரத்தடிக்கு வந்து சேருவோம். ஆற்றோடு சண்டை போடக் கூடாது. அதன் போக்கைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர்களே! நம் பக்கத்தில் காவிரி அகலமாக, அமைதியாகப் போகிறது. கோடையில் பார்த்தால் குளம் போல இருக்கும். இந்த அமைதியை நம்பலாமா?

இதே ஆறு கொஞ்சம் கீழே போய், சிவனசமுத்திரத்தில் இரண்டாகப் பிரிகிறது. ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டு அருவிகளாக விழுகிறது. அந்த வேகத்தைக் கொண்டு 1902-ஆம் ஆண்டிலேயே அங்கே மின்சாரம் எடுத்தார்கள். கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அதை அனுப்பினார்கள். அவ்வளவு வேகமும் இந்த அமைதியான தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

மேலே என்ன இருக்கிறது? இரண்டு அணைகள் இருக்கின்றன. ஒன்று கிருஷ்ணராஜ சாகர். அது காவிரியின் மேல் கட்டியது. 1931-இல் முடிந்தது. மற்றொன்று கபினி அணை. அது 1974-இல் முடிந்தது. கபினி ஆறு திருமகூடல் நரசிப்புரத்தில் காவிரியோடு சேருகிறது. இரண்டு அணைகளின் தண்ணீரும் நம் ஊர் வழியாகத்தான் போக வேண்டும்.

குடகில் மழை பெய்தால் கிருஷ்ணராஜ சாகர் நிறையும். கேரளத்தின் வயநாட்டில் மழை பெய்தால் கபினி நிறையும். அணை நிறைந்தால் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். அன்று நம் ஊரில் வெயில் காயும். வானத்தில் ஒரு மேகம் கூட இருக்காது. ஆனால் ஆறு ஏறும்!

அணையில் திறக்கும் தண்ணீரைக் கன அடிக் கணக்கில் சொல்கிறார்கள். வினாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர். நாம் இடுப்பில் சுமக்கிற குடத்தில் இரண்டு குடம் என்று வைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 1 லட்சம் கன அடி என்றால் என்ன? கண் இமைக்கும் நேரத்தில் 2 லட்சம் குடம் தண்ணீர் வருகிறது என்று பொருள்.

சிவனசமுத்திரத்தில் ஒரு பழைய கல்பாலம் இருக்கிறது. ராமசாமி முதலியார் என்பவர் கட்டியது. ஏறக்குறைய 200 ஆண்டு நின்ற பாலம். 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து போனது. அடுத்த ஆண்டு, 2019 ஆகஸ்டில், மறுபடியும் வெள்ளம் வந்தது. நம் கொள்ளேகால் தாலூகாவில் தாசனபுரா, முள்ளூர், ஹளே அணகள்ளி போன்ற ஊர்களில் தண்ணீர் புகுந்தது. கல்பாலத்துக்கே அந்த நிலை என்றால் மூங்கில் கூடை எந்த மூலைக்கு?

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அன்று மாலை அப்பா கடைசி நடை முடித்து வந்தார். ஆறு அமைதியாக இருந்தது. கரையில் ஒரு நொச்சிச் செடி. அதன் தூரில் பரிசலைக் கட்டினார். கயிறு குட்டையான கயிறு. "நாளைக்கு விடிகாலையில் எடுக்கப் போகிறோம், இது போதும்" என்று சொன்னார். சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

இரவில் தண்ணீர் ஏறியது. பரிசல் மேலே எழும்பப் பார்த்தது. குட்டைக் கயிறு விடவில்லை. ஒரு பக்க விளிம்பைக் கீழே இழுத்துப் பிடித்தது. உள்ளே தண்ணீர் புகுந்தது. கனம் கூடியது. நொச்சிச் செடி வேரோடு பிடுங்கிக்கொண்டது. விடிந்து போய்ப் பார்த்தோம். செடி இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது.

அப்பா குழியைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். புதுப் பரிசல் செய்ய மூங்கில் வாங்க வேண்டும். கடன் வாங்கினார். அது வரைக்கும் அம்மா கூலிக்குப் போனார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அணை திறக்கப் போகிறார்கள் என்று முன்பே அறிவிப்பு வந்திருந்தது. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அப்பா அந்தச் சுவரில் சாய்ந்துதான் தினமும் டீ குடிப்பார்! அவருக்குத் தமிழும் கன்னடமும் நன்றாகப் பேச வரும். படிக்க இரண்டுமே வராது. "ஏதோ சினிமா நோட்டீஸ் என்று நினைத்தேன் தம்பி" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பா பரிசல் கட்டும் முறையையே மாற்றிக்கொண்டார். அவரிடம் நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் இடம். ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கக் கரையில் கட்டாதீர்கள். அங்கே வேகம் அதிகம். கரையை அரிக்கும். வளைவின் உள்பக்கம் பாருங்கள். அங்கே மணல் படிந்திருக்கும். நீர் மெதுவாகப் போகும்.

இரண்டாவது மரம். செடியில் கட்டக் கூடாது. கரையின் மேட்டில், வேர் ஊன்றிய மரத்தில் கட்ட வேண்டும்.

மூன்றாவது கயிறு. தண்ணீர் ஏறினால் பரிசலும் ஏற வேண்டும். அதற்குத் தகுந்த நீளம் கயிறில் இருக்க வேண்டும். மிக நீளமாக விட்டால் பாறையில் போய் மோதும். தேய்ந்த கயிறை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது முடிச்சு. இறுக்கமாக நிற்க வேண்டும். ஆனால் நுனியை இழுத்தால் உடனே அவிழ வேண்டும். அவசரத்தில் அரிவாள் தேடக் கூடாது.

ஐந்தாவது இரவு. ராத்திரிக்குப் பரிசலைத் தண்ணீரில் விடவே வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். மேட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்து வையுங்கள். மூங்கிலும் காயும். அங்கேயும் ஒரு கட்டுப் போடுங்கள்.

ஆட்களை இறக்குவதும் பரிசலைக் கட்டுவதைப் போல முக்கியம். கரை வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். அப்போதுதான் பரிசல் கவிழும். கரையில் ஒருவர் கயிறைப் பிடித்த பிறகு ஒவ்வொருவராக இறங்க வேண்டும். ஏறும்போதும் விளிம்பை மிதிக்கக் கூடாது. நடுவில் கால் வைக்க வேண்டும். பரிசலுக்கும் பாறைக்கும் நடுவில் கையை விடக் கூடாது.

2014 செப்டம்பரில் ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் கவிழ்ந்தது. சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரே குடும்பத்தில் ஆறு பேர் இறந்தார்கள். நமக்கும் அதே காவிரிதான். அதனால் மிதவை உடையை மாட்டாமல் ஏறாதீர்கள். அதைத்தான் லைஃப் ஜாக்கெட் என்கிறார்கள். மாட்டினால் மட்டும் போதாது. வாரையும் பூட்ட வேண்டும். "இன்னும் ஒரே ஓர் ஆள்தானே, ஏற்றிக்கொள் அண்ணா" என்று ஓட்டுகிறவரை வற்புறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். நாளைக்கே செய்யலாம். துறையில் ஓர் உறுதியான கம்பு நடுங்கள். அடிக்கு ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு எதிரே 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். காலையிலும் மாலையிலும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாலையில் 2 இருந்தது, இருட்டும் முன் 3 ஆனது என்றால் பரிசலை உடனே மேட்டில் ஏற்றிவிடுங்கள். ஆடு மாடுகளையும் கரையிலிருந்து ஓட்டி வந்துவிடுங்கள்.

டீக்கடைச் சுவரில் புதுத் தாள் ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள். பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், கன்னடம் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. படித்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

என் அப்பா இப்போது இல்லை. அவருடைய துடுப்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. துடுப்புப் போட அவருக்குத் தெரியும். ஒரு தாளைப் படிக்கத் தெரியாததால் பரிசலை இழந்தார். உங்களுக்கு இப்போது இரண்டும் தெரியும். இரண்டையும் ஆற்றங்கரையில் பயன்படுத்துங்கள்.