கொண்டுவிற்கப் போனவரும் கண்டுவரப் போனவரும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இளமையிலே கட்டியெழுப்பிய தொழிலை விட்டுவிட்டுப் பிறநாடு போதல் தகுமா என்பது இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். இதனைப் பட்டிமன்றமாக வைத்திருந்தால் எமது வேலை இலகுவாயிருக்கும். ஏதேனுமொரு கட்சியைப் பிடித்துக்கொண்டு மணியடிக்கும்வரை பேசியிருப்போம். தனிப்பேச்சு என்றபடியால் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த உண்மையில் எமக்கும் சிறிது பங்குண்டு. அதனைப் பின்னர் சொல்வோம்.

நாம் கல்வி பயின்றது கிறிஸ்தவ மிஷன் பாடசாலையொன்றிலே. காலைக் கூட்டத்தில் அதிபர் அடிக்கடி சொல்லும் கதையொன்றுண்டு. தூரதேசம் போகப் புறப்பட்ட ஒரு முதலாளி தன் ஊழியர் மூவரை அழைத்து, ஒருவனுக்கு ஐந்து தாலந்தும் மற்றொருவனுக்கு இரண்டும் இன்னொருவனுக்கு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போகிறான். முந்திய இருவரும் பெருக்கிக் காட்டுகிறார்கள். மூன்றாமவன் மண்ணிலே புதைத்துவைக்கிறான். நாங்களெல்லாம் ஆண்டுதோறும் அந்த மூன்றாமவனையே ஏசிக்கொண்டிருந்தோம். பயணம் போன முதலாளி ஏன் போனான், எங்கே போனான் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவனைப்பற்றி எமக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு காரியந்தான். போகுமுன் ஆளறிந்து ஒப்படைத்தான். வந்த பின் இருந்து கணக்குக் கேட்டான்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர் சிலர் பட்டினத்தடிகளை நினைத்துக்கொள்ளக் கூடும். துறவு வேறு, பயணம் வேறு. ஆதலால் அதனுள் நாம் புகவில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். அடிகள் துறந்துபோன பின்னர், அவருடைய கணக்கராயிருந்த சேந்தனார் கருவூலத்தைத் திறந்து விட்டார் என்றும், அதற்காகச் சிறைப்பட்டார் என்றும் கதை கூறும். துறந்தவர் முதலாளி, அகப்பட்டவர் கணக்கர்!

ஆடி வேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் வேலைக் காலி வீதியோரத்தில் நின்று கும்பிடாதவர் இச்சபையிலே மிகச் சிலராகவே இருப்பர். இன்று நகைக்கடைத் தெருவாகத் திகழும் அத்தெருவுக்கு அப்பெயர் வரக் காரணமானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கதிரேசன் கோயில்களைக் கட்டியவர்களும் அவர்களே. கடல் கடந்து போவதை அவர்கள் 'கொண்டுவிற்கப் போதல்' என்பார்கள். கொழும்பு, றங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று அவர்களுடைய கடைகள் பரந்திருந்தன. கடையை நடத்தப் போகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலே பெட்டியடியில் உட்கார்ந்தவன் இருபத்தைந்து வயதுக்குள் ஒரு கடையையே தாங்குவான். பெரும்பாலும் மூன்று வருடம் ஒரு தவணை. தவணை முடிந்ததும் புதிய மேலாள் வருவார். பழையவர் பேரேட்டைத் திறந்துவைத்து, இன்னாரிடம் இவ்வளவு வரவேண்டும், இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவேண்டும், இவர் நாணயமானவர், அவரிடம் கவனம் என்று பெயர் பெயராக விளங்கப்படுத்துவார். அதன் பின்னரே அவருக்குக் கப்பல்.

இந்தக் குலத்திலே பிறந்த ஓர் இளைஞர், கொண்டுவிற்கப் போகாமல் கண்டுவரப் போனார். அவர் ஏ. கே. செட்டியார். காரைக்குடிக்கு அருகேயுள்ள கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர். இருபது வயது கடந்த சில காலத்துக்குள் றங்கூனிலே 'தனவணிகன்' என்னும் பத்திரிகையின் ஆசிரியரானார். பத்திரிகை அவருடைய சொந்தச் சொத்தன்று. எனினும், பர்மாவிலிருந்த செட்டியார் சமூகத்தின் நடுவே, அந்த வயதில், அந்த நாற்காலி சிறியதன்று. அதிலேயே அமர்ந்திருந்தால் பெயரும் வாழ்வும் தாமாக வந்திருக்கும்.

அவரோ 1930களின் நடுவில் எழுந்து யப்பானுக்குப் போனார், புகைப்படக் கலை படிக்க. அங்கிருந்து நியூயோர்க் சென்று அக்கலையையே மேலும் பயின்றார். வட்டிக் கடைக்கும் புகைப்படத்துக்கும் என்ன தொடர்பு என்று கோட்டையூர்ப் பெரியவர்கள் கேட்டிருக்க மாட்டார்களா? எம் வீடுகளில் கேட்கிறார்களே! 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி நியூயோர்க்கிலிருந்து டப்ளின் நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'சமேரியா' என்னுங் கப்பலிலே, காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். கப்பலில் இருந்தவருக்கு வயது இருபத்தாறு கூட நிரம்பவில்லை.

அன்று கதைப்படம் எடுப்பவர்க்கே பணம் புரட்டுவது பெரும்பாடு. இதிலோ நடிகர் இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சியிலே காந்தியைப்பற்றி ஒரு செய்திப்படம் எடுப்பதென்றால் யார் காசு போடுவார்? 'டொக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்றொரு கம்பெனியை அமைத்துக்கொண்டு புறப்பட்டார். முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர் வெவ்வேறு நாடுகளில் எடுத்துப்போட்ட துண்டுச் சுருள்களைத் தேடி ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்தார். தென்னாபிரிக்காவுக்குப் போனார், இலண்டனிலே போலக்கைக் கண்டார், ரொமேன் ரோலந்தைச் சந்தித்தார். ஐம்பதினாயிரம் அடிச் சுருள் சேர்ந்தது. அதனைப் பன்னீராயிரம் அடியாக வெட்டித் தொகுத்து, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1940ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி சென்னையிலே தமிழில் வெளியிட்டார். பின்னர் அது தெலுங்கிலும் இந்தியிலும், 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வந்தது.

இவ்விடத்தில் 'ஆகவே விட்டுப் போங்கள், புகழ் பெறுவீர்கள்' என்று நாம் முடித்திருக்கலாம். ஆனால் கதை அப்படி ஓடவில்லை. அந்தத் தமிழ்ப்படம் பல்லாண்டுகளாகக் கிடைக்காமற் போயிற்று. இந்த நூற்றாண்டிலே ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடியலைந்தபோது அகப்பட்டது, அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் இருந்த சுருங்கிய ஆங்கிலப் படியே. ஒரு லட்சம் மைல் அலைந்து சேர்த்தது இவ்வாறாயிற்று. செட்டியாரோ 1943இல் 'குமரி மலர்' என்னுஞ் சஞ்சிகையைத் தொடங்கி, தம் வாழ்நாள் முடியும்வரை நாற்பது ஆண்டுகள் நடத்தினார். இடையிடையே மீண்டும் உலகம் சுற்றினார், எழுதினார். தம்மைப்பற்றிப் பேசுவதை மட்டும் தவிர்த்துக்கொண்டார். தம் பயண நூல்களிற்கூட அவர் தம்மை முன்னே நிறுத்துவதில்லை. கண்ட ஊரையும் மனிதரையுமே நிறுத்துகிறார்.

நட்டமா இலாபமா என்று கேட்பவர்கள் மற்றப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். அவர் விட்டுவந்த றங்கூனிலே தங்கியவர்கள் என்ன ஆனார்கள்? உலகப் பொருளாதார வீழ்ச்சியிலே கடன்பட்ட பர்மிய விவசாயிகள் காசு கொடுக்க முடியாமல் நிலத்தைக் கொடுத்தார்கள். 1930இல் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்களவாயிருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டின் இறுதியில் நூற்றுக்கு 25 ஆகியது. பேரேட்டின்படி அது பெருஞ் செல்வம். ஊராரின் மனத்திலோ அது பெரும் பகை. 1941 டிசம்பரில் றங்கூன்மீது யப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. ஆயிரமாயிரம் இந்தியர் கால்நடையாக மலைகளைக் கடந்து ஓடினர். யுத்தம் முடிந்து திரும்பியவர்களை நில நாட்டுடைமைச் சட்டமும், 1962இன் பின்னர் இராணுவ ஆட்சியும் வெறுங்கையராக்கின. போனவர் படத்தை இழந்தார். இருந்தவர் நிலத்தை இழந்தார். ஆகவே எது நிலைக்கும் என்று பார்த்து முடிவு செய்வோமென்றால் ஒருவராலும் முடிவு செய்ய இயலாது. எதை யாரிடம் விட்டுப் போகிறோம், எதற்காகப் போகிறோம் என்ற இரண்டுமே எம் கையில் இருப்பவை.

இந்த நகரத்திலே இதைப் பேசும்போது இன்னொன்றைப் பேசாமலிருக்க முடியாது. ஏ. கே. செட்டியார் காலமானது 1983 செப்டெம்பர் 10ஆந் திகதி. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. இப்பேச்சைத் தயாரிக்கும்போது எமது ஒழுங்கையிலுள்ள பெரியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் இருபத்தெட்டு வயதில் காலி வீதியிலே சொந்தமாகக் கடை வைத்தவர். அந்த ஜூலையில் அகதி முகாமுக்கு அவர் எடுத்துப்போனது கடன் கொப்பியொன்றைத்தான். யார் தமக்குத் தரவேண்டும் என்பதற்காகவன்று. நாலாம் குறுக்குத் தெருவிலே தாம் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்பதற்காக! பின்னர் வெளிநாடு போய், உழைத்து, இருவருக்குக் காசு அனுப்பினாராம். எமது பேச்சின் தலைப்பைக் கேட்டதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, நாங்கள் விட்டிட்டுப் போகேல்லை. எங்களைத் துரத்தினவை. நீங்கள் போறியள். ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் பாவிக்காதேயுங்கோ."

அவர் சொன்னதன் பின் எமது பேச்சின் பாதியைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினோம்.

இனி எமது பங்கைச் சொல்லவேண்டும். 2021ஆம் ஆண்டு, கொரோனாவால் ஊர் அடங்கிக் கிடந்த நாட்களில், உயர்தரப் பரீட்சை முடிந்திருந்த நாங்கள் மூவர் ஒரு சிறு வியாபாரம் தொடங்கினோம். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, நல்லெண்ணெய் எடுப்பிப்போம். கொட்டாஞ்சேனையிலே இரண்டு தாய்மார் மிளகாய் மல்லி வறுத்துத் தூள் இடித்துத் தருவார்கள். வெள்ளவத்தை மாடி வீடுகளுக்குச் சைக்கிளிலே கொண்டுபோய்க் கொடுப்போம். கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஒரு தராசும் ஒரு கைத்தொலைபேசியுந்தான். 2022இலே பெற்றோல் இல்லாமல் நகரமே நின்றபோது சைக்கிள்காரராகிய நாங்கள் ஓடினோம். எரிவாயு இல்லாமல் அத்தாய்மார் விறகிலே வறுத்தார்கள். மிளகாய் விலை ஏறி ஒரு மாதம் கைநட்டம் பட்டோம். ஆயினும் பல்கலைக்கழகச் செலவை வீட்டிலே கேளாமல் பார்த்துக்கொண்டோம். அத்தாய்மாரில் ஒருவருடைய மகளின் ரியூசன் காசும் அத்தூளிலிருந்தே போயிற்று.

பெற்றோல் வரிசையில் நின்ற எமது ஊரார் அதே ஆண்டு பத்தரமுல்லையிலே கடவுச்சீட்டு வரிசையிலும் நின்றார்கள். நாங்களும் நின்றோம். இப்போது எம் மூவரில் இருவருக்குப் படிப்பு விசா வந்திருக்கிறது. அவ்விருவரில் நாமும் ஒருவர். இங்கே நின்று 'போகாதீர்கள்' என்று உபதேசிக்கும் தகுதி எமக்கில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

விசா வந்த கிழமை நாங்கள் செய்த முதற் பிழை, வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பிலே 'இத்துடன் நிறுத்துகிறோம், நன்றி' என்று எழுதத் துணிந்தது. அனுப்ப விரல் வைத்தபோது எம்முள் தங்கப்போகிறவன் கேட்டான்: "தூள் இடிக்கிற அம்மாவுக்கும் இதைத்தான் அனுப்புறதோ?" அவர்களிடம் வட்ஸ்அப் இல்லை. ஒருவரும் பேசவில்லை.

அதன் பின்னரே செட்டியார்களின் பேரேடு எமக்கு ஞாபகம் வந்தது. ஒரு பெரிய கொப்பி வாங்கினோம். எந்த மாடியில் யார் காரம் குறைத்துக் கேட்பார், யார் மாதக் கடைசியில் காசு தருவார், யாழ்ப்பாணத்தில் யாருடைய ஒடியல் மாவில் மண் இராது, எந்த பஸ்காரர் பொதியைப் பத்திரமாக இறக்குவார் என்று நான்கு வருடத்தில் தலைக்குள் மட்டுமே கிடந்தவற்றையெல்லாம் எழுதினோம். எழுத ஐந்து இரவு சென்றது. எமக்கு வரவேண்டியதைவிட நாங்கள் கொடுக்கவேண்டியது கூடுதலென்று நாலாம் இரவிலேதான் தெரிந்தது.

சென்ற சனிக்கிழமை கொப்பியையும் கொடுக்கவேண்டிய காசில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். மூவரும் திண்ணையில் இருந்து பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினோம். அந்த அம்மா இடையிலே இரண்டு பெயரைத் திருத்தினார். நாங்கள் மறந்துபோன ஒரு கடன்காரரையும் நினைவூட்டினார். வாசித்து முடிந்ததும், மிச்சக் காசை எப்போது தருவோம் என்று சொல்ல வாயெடுத்தோம். அவர் கையை அசைத்தார்.

"காசைப் பேந்து பாப்பம், தம்பியவை. அந்தத் தராசைக் கொண்டுபோறியளோ, விட்டிட்டுப் போறியளோ?"

தராசு சைக்கிளிலேயே கட்டியபடி இருந்தது. அவிழ்த்துக் கொடுத்தோம். அவர் அதைத் துடைத்துத் தூள்ச் சட்டிக்குப் பக்கத்திலே வைத்தார்.